பாதாளக் கரண்டியில் வந்தது

பாதாளக் கரண்டியைக் கண்டதும் "ஆகா, அந்தக் காலம்!" என்று உருகிப்போகிற என் வயதுக்காரர்களே, கொஞ்சம் பொறுங்கள். போன மாதம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போனேன். மண்டப வாசலில் பழைய சாமான்களை அலங்காரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஆட்டுக்கல், அரிக்கேன் விளக்கு, நடுவில் தங்கக் கலர் பெயின்ட் அடித்த ஒரு பாதாளக் கரண்டி. நம்ம செட் ஆட்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி அந்தக் கொக்கிகளைத் தடவிக்கூடப் பார்த்தாள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சாப்பிடாமலே வந்துவிட்டேன். வீட்டில் கேட்டதற்குப் பித்தம் என்று சொல்லி வைத்தேன். உங்களிடம் பொய் எதற்கு?

எழுபதுகளில் ஒரு கோடை. ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடம் பக்கத்து வீதி ஒன்றில், ஒரு நீள வீட்டின் பின்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். முன்கட்டில் வீட்டுக்கார மாமியும் மாமாவும். பின்னால் வரிசையாக மூன்று போர்ஷன். ஒன்றில் நாங்கள், ஒன்றில் டெய்லர் குடும்பம், கடைசியில் இருந்ததைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். எல்லாருக்கும் பொதுவாக நடுமுற்றத்தில் ஒரே கிணறு. குளிக்க, துவைக்க, சமைக்க, குடிக்க எல்லாம் அதுதான்.

அந்த வீட்டில் எங்கே திரும்பினாலும் கொக்கி. சமையலறையில் உறி தொங்கும் கொக்கி, அதைச் சுற்றி எறும்பு. சுவரில் அப்பாவின் ஈரத் துண்டு மாட்டும் கொக்கி, அதன் துரு துண்டில் ஏறி, அப்பா முகம் துடைத்தால் கன்னத்தில் செம்மண் கோடு விழும். கொல்லை முருங்கைக்குக் கொக்கி கட்டிய தொரட்டி. குளியலறைக் கதவுக்கும் ஒரு கொக்கி உண்டு, ஆனால் மாட்டுகிற வளையம் எப்போதோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. உள்ளே இருக்கிறவர் இருமிக்கொண்டே குளிக்க வேண்டும். டெய்லர் வீட்டு அத்தை இருமுவதும், வெளியே ஒருவர் "சீக்கிரம் வாங்க" என்பதுமாகத்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். வளையத்தை அடித்துக் கொடுக்க வீட்டுக்கார மாமாவுக்கு மனசு வரவில்லை. பெண்பிள்ளைகள் இருக்கிற வீடு என்று அம்மா மூன்று கோடைக்காலம் புலம்பியிருக்கிறாள்.

கொக்கிகளிலெல்லாம் ராஜா பாதாளக் கரண்டிதான். ஒரு இரும்பு வளையம், அதிலிருந்து நாலாபக்கமும் கொத்தாகத் தொங்கும் வளைந்த கொக்கிகள். கிணற்றில் வாளியோ குடமோ விழுந்தால் இதைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவ வேண்டும். ஏதாவது ஒரு கொக்கியில் மாட்டிக்கொண்டு வந்துவிடும். வீதிக்கே அது ஒன்றுதான் இருந்தது. அது மாமியிடம் இருந்தது. அதனால் மாமிக்கு இருந்த தோரணை கோயில் யானைக்குக் கூடக் கிடையாது.

அதைச் சும்மா கேட்டால் கொடுக்க மாட்டார்கள், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாதாளக் கரண்டி வெறுமனே வீட்டை விட்டுப் போனால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பார்கள். வாங்க வருகிறவர் ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். கரண்டி திரும்பி வந்ததும் பாத்திரத்தை எடுத்துப் போகலாம். இதில் இன்னொன்றும் உண்டு. பாத்திரம் வைத்துக் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது, வைத்த பாத்திரத்தைத் திருப்பி அனுப்புவது குடும்பத்துக்கு ஆகாது என்று மாமி உறுதியாக நம்பினாள். வைக்கிற பாத்திரத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். "ஈயம் போயிடுத்தேடி, இதுலயா ரசம் வைக்கறே?" என்று எல்லார் முன்னாலும் கேட்பாள்.

கடைசிப் போர்ஷனுக்கு அந்த வருஷம் தை மாதம் ஒரு நர்ஸம்மா குடிவந்தாள். டவுனில் ஆஸ்பத்திரி வேலை. கணவர் லாரியில் லோடு ஏற்றும்போது மேலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போனவர். எந்நேரமும் கட்டிலில் இருந்ததால் பிள்ளைகள் நாங்கள் அவரைக் கட்டில்மாமா என்றோம். அவருக்கு அது பிடித்திருந்தது. "ராஜாவுக்கு சிம்மாசனம், எனக்குக் கட்டில்" என்பார்.

அந்தப் போர்ஷன் பழைய காலத்தில் ஊஞ்சல் கூடமாம். ஊஞ்சல் எப்போதோ போய்விட்டது, உத்தரத்தில் தடித்தடியாக இரண்டு கொக்கிகள் மட்டும் மிச்சம். நர்ஸம்மா அந்த வீட்டைப் பிடித்ததே அந்தக் கொக்கிக்காகத்தான். ஒரு கொக்கியில் கயிறு மாட்டி, நுனியில் ஒரு கட்டையைக் கட்டிக் கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டிருந்தாள். கட்டில்மாமா அதைப் பிடித்து உந்தி எழுந்து உட்காருவார், புரண்டு படுப்பார். புரளாமல் கிடந்தால் முதுகு அழுகிவிடும் என்று நர்ஸம்மா சொல்வாள்.

"எத்தனை வீடு பார்த்தோம் தெரியுமா பாப்பா?" என்று கட்டில்மாமா ஒரு தடவை என்னிடம் சொன்னார். "தளம் போட்ட மெத்தை வீடு பார்த்தா மேல கொக்கி இருக்காது. கொக்கி இருக்கிற வீட்டுல தண்ணி இருக்காது. ரெண்டும் இருந்தா, என்னைப் பார்த்ததும் வீட்டுக்காரனுக்கு மச்சான் வந்துடுவான் குடியிருக்க. இதுதான் எல்லாம் இருக்கிற வீடு. இங்கேருந்து நான் எங்கயும் போகப் போறதில்ல."

நர்ஸம்மாவுக்குத் தண்ணீர்தான் உயிர். காலையில் ஒரு தடவை, டூட்டிக்குப் போகுமுன் ஒரு தடவை அவரைத் துடைத்து, துணி மாற்றி, பழையதை அலச வேண்டும். அலசுவது கிணற்றடியில் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வாளியில் எடுத்துக்கொண்டு கொல்லைக் கோடிக்குப் போய்விடுவாள். நான் பார்த்திருக்கிறேன். எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

சித்திரை பிறந்ததும் கிணறு இறங்கிவிட்டது. கயிற்றை நீட்டிக் கட்ட வேண்டியதாயிற்று. அப்புறம் ஒரு நாற்றம். முதலில் மோர் கெட்டுவிட்டது என்று நினைத்தோம், பிறகு ரசத்தில் வந்தது, பிறகு குளித்துவிட்டு வந்தால் உடம்பிலேயே வந்தது. செத்த எலி நாற்றம் இல்லை. சாக்கடை நாற்றமும் இல்லை. ஏதோ ஊறி, கொழகொழத்து, இனித்துக்கொண்டே அழுகுகிற நாற்றம். டெய்லர் வீட்டுக் குழந்தைக்கு வயிற்றோட்டம். எனக்கு வயிறு முறுக்கிக்கொண்டே இருந்தது. அதே தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஏலக்காய் தட்டிப் போட்டு எல்லாரும் குடித்தோம். நினைத்தால் இப்போதும் நாக்கைச் சுரண்ட வேண்டும் போல் இருக்கிறது.

ஒரு நாள் கிணற்றடியில் கூட்டம் கூடிவிட்டது. மாமி நடுவில் நின்றாள்.

"ஆஸ்பத்திரியில எத்தனை பொணத்தைத் தொட்டுட்டு வராளோ! அந்தக் கையோட கயித்தைப் பிடிக்கறா. ஜலம் கெடாம என்ன பண்ணும்?"

"நானும் சொல்லணும்னுதான் இருந்தேன் மாமி" என்றாள் டெய்லர் வீட்டு அத்தை. "அந்த மனுசன் துணிய வேற அலசுது."

"இங்க அலசலையே" என்று யாராவது சொல்லியிருக்கலாம். என் அம்மா சொல்லியிருக்கலாம். நர்ஸம்மா ஊசி போட்டால் காசு வாங்க மாட்டாள், என் காய்ச்சலுக்கு ராத்திரி டூட்டி முடித்த அலுப்போடு வந்து நின்றவள் அவள். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "தீட்டுன்னு ஒண்ணு இருக்கில்ல மாமி, கண்ணுக்கா தெரியும்?" என்றாள்.

நர்ஸம்மா டூட்டியிலிருந்து வந்ததும் வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்கள். இனிமேல் கிணற்றைத் தொடக் கூடாது. மாதம் முடிந்ததும் வீட்டைக் காலி பண்ண வேண்டும்.

"நான் சோப்புப் போட்டுக் கை கழுவற மாதிரி இந்த வீட்டுல ஒருத்தரும் கழுவ மாட்டீங்க மாமி" என்றாள் அவள். "கிணத்துக்குள்ள என்னமோ அழுகுது. ஆள் விட்டுத் தூர் வாருங்க. எல்லாப் பிள்ளைங்களுக்கும் வயிறு கெட்டுக் கிடக்கு."

"பெருமாள் திருமஞ்சனத்துக்குப் போற ஜலம்! அதுல அழுகறதாம்! என்ன வாய் பாரு!" என்று மாமி காதைப் பொத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல? தினம் அரை மணி நேரம்தான் தண்ணீர் வரும் தெருக்குழாய்க்குப் போனாள். வீதி முழுக்கச் செய்தி போயிருந்தது. அவள் குடத்தைக் காலால் தள்ளி வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்கள், அவள் முறை வரும்போது குழாய் நின்றுவிடும். கொள்ளிடத்து மணலில் ஊற்றுத் தோண்டி, சொம்பு சொம்பாக மொண்டு, வெயிலில் தூக்கிக்கொண்டு வருவாள். அது எந்த மூலைக்குக் காணும்? கட்டில்மாமாவை ஒரு வேளைதான் துடைக்க முடிந்தது. முதுகில் புண் வந்துவிட்டது. அந்தப் பக்கம் போகிறவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாத்தியா, நாத்தம் எங்கேருந்து வருதுன்னு இப்ப தெரியுதா?" என்றார்கள். தண்ணீரைப் பிடுங்கிக்கொண்டு, நாறுகிறான் என்று சொல்கிற ஜென்மங்கள். நானும் அதே காற்றைத்தான் மூச்சு விட்டேன் என்பதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கட்டில்மாமா கயிற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, உங்கம்மா கிட்ட ஒரு குடம், ஒரே ஒரு குடம் எடுத்து வாசல்ல வைக்கச் சொல்றியா? நர்ஸம்மாவுக்குத் தெரிய வேணாம்." நான் போய்ச் சொன்னேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்து, குளித்துவிட்டு உள்ளே வரச் சொன்னாள்.

ஒரு காலையில் நர்ஸம்மா வெள்ளைப் புடவையைக்கூட மாற்றாமல் மாமியின் வாசற்படிக்குப் போனாள். கையில் அவளுடைய வெண்கலப் பானை. அவள் வீட்டில் இருந்த ஒரே நல்ல பாத்திரம். அதைப் படியில் வைத்தாள்.

"மாமி, பாத்திரம் வச்சிருக்கேன். கரண்டி வேணும்."

மாமி திகைத்துப் போனாள். கொடுக்கவும் முடியாது, பாத்திரம் வந்துவிட்டதால் இல்லை என்று சொல்லவும் முடியாது. பழக்கதோஷம், கை தானாகப் போய்ப் பானையைத் தட்டிப் பார்த்தது. "நன்னா இருக்கே" என்று வாய் தவறிச் சொல்லியும்விட்டாள். பிறகு உள்ளே போய்க் கரண்டியை எடுத்து வந்து, அவள் கையில் படாமல் தரையில் போட்டாள்.

"வாளி ஒண்ணும் விழலையே, எதுக்குடி உனக்கு?"

"என்ன விழுந்திருக்குன்னு பார்க்கத்தான்."

கயிறு கட்டி இறக்கினாள். எல்லாப் போர்ஷனும் வெளியே வந்துவிட்டது. யாரும் கிட்டே போகவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. பாத்திரம் வைத்து வாங்கியவளைத் தடுப்பது எப்படி? கொக்கிகள் அடியில் போய் உட்கார்ந்த சத்தம் கேட்கவில்லை. ஏதோ மெத்தையில் விழுந்தது போல் அமுங்கியது. நர்ஸம்மா கயிற்றை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். இழுத்தாள். கனத்தது. பின்னுக்குச் சாய்ந்து, ஒரு காலைக் கிணற்றுச் சுவரில் ஊன்றி இழுத்தாள்.

முதலில் நாற்றம்தான் வந்தது. டெய்லர் வீட்டு அத்தை ஓடிப்போய்க் கொல்லையில் வாந்தி எடுத்தாள். பிறகு கரண்டி வந்தது. கொக்கி ஒவ்வொன்றிலும் கறுப்பாக, நீள நீளமாக, சளி மாதிரி இழுபட்டுக்கொண்டு ஏதோ தொங்கியது. பாம்பு என்று நான் அலறினேன். நர்ஸம்மா அதைக் கல்தரையில் இறக்கி, விரலால் பிரித்தாள். உள்ளே வெளுத்த புழுக்கள் நெளிந்தன. வாழைநார் முடிச்சு. அழுகி உரிந்த துளசிக் குச்சி. மறுபடி நார், மறுபடி முடிச்சு.

மாலை. அத்தனையும் மாலை.

இதில் ரகசியம் ஒன்றுமே இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியாதது. வீட்டுக்கார மாமா தினமும் பூஜை முடிந்ததும், பெருமாளுக்கு முந்தின நாள் சாத்திய மாலைகளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வருவார். சாமி களைந்த பூவைக் கண்ட இடத்தில் போடக் கூடாது, கால் படாத இடத்தில்தான் சேர்க்க வேண்டும். முன்பெல்லாம் ஆற்றில் விட்டவர். முழங்கால் வலி வந்தபிறகு, ஆறும் வறண்டபிறகு, கால் படாத இடம் கிணறு ஒன்றுதான். கண்ணை மூடி, கைகூப்பி, உள்ளே போடுவார். நாங்கள் வாளியைப் பிடித்துக்கொண்டு, அவர் போட்டு முடிக்கட்டும் என்று மரியாதையாக ஒதுங்கி நிற்போம். அவர் போனதும் அந்தப் பூவை விலக்கித் தண்ணீர் இறைப்போம். கண்ணெதிரே நடந்தது. ஒருத்தர் புத்தியிலாவது உறைத்ததா?

"இதுதாங்க மாமி" என்றாள் நர்ஸம்மா. மூச்சு வாங்கியது. "இன்னும் அடியில நிறையக் கிடக்கு. என் கையில ஒண்ணும் இல்லைங்க. எங்களை இருக்க விடுங்க. ஆளுக்கு நானே சொல்லிச் சுத்தம் பண்ணித் தரேன்."

இப்போது எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். குழந்தைதானே.

மாமி கிட்டே வந்தாள். குனிந்தாள். அந்தக் கறுப்புச் சளியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

"பெருமாள் சாத்திண்டது. இது எப்படிடி நாறும்?"

இமையில் கறுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியே எங்களைச் சுற்றிப் பார்த்தாள். மூக்கைப் பொத்தியிருந்த கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. வாந்தி எடுத்துவிட்டு வந்த டெய்லர் வீட்டு அத்தை வாயைத் துடைத்துக்கொண்டு, "துளசி வாசனைதான் மாமி" என்றாள். என் அம்மா "ஆமா, ஆமா" என்றாள். சொல்லும்போது அம்மா மூச்சை இழுக்கவே இல்லை, நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு மாமா வெளியே வந்தார். "ரங்கா! தரையில போட்டுட்டாளே! கால் பட்டுடப் போறது, எல்லாரும் நகருங்கோ, நகருங்கோ!" உள்ளே ஓடித் தாம்பாளம் கொண்டுவந்தார். முழங்கால் வலியோடு மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தப் புழுத்த மாலைகளை ஒரு இழை விடாமல் கையால் அள்ளித் தாம்பாளத்தில் வைத்தார். எழுந்தார். கண்ணை மூடினார். அத்தனையையும் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே போட்டார்.

அய்யோ, அந்தச் சத்தம்! எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நர்ஸம்மா ஒரு தடவை சிரித்தாள். அப்புறம் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இவ தொட்டதாலதான் இப்படி ஆயிருக்கு" என்று மாமி தீர்ப்புச் சொன்னாள். மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கரண்டியை உள்ளே எடுத்துப் போனாள். வெண்கலப் பானையைக் காலாலேயே படியிலிருந்து நகர்த்தி வைத்தாள்.

மாதக் கடைசி வரைக்கும்கூட விடவில்லை. அரியமங்கலத்தில் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை கிடைத்தது என்றாள் நர்ஸம்மா. மேலே மூங்கில்தான், ஆள் கனம் தாங்காது. தண்ணீர் பக்கத்துப் பட்டறையில் கேட்டு வாங்க வேண்டும். காலி பண்ணுகிற அன்றைக்கு எங்கள் அப்பா என்றும் இல்லாத அதிசயமாக வெள்ளென ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். டெய்லர் கடையைத் திறக்கப் போய்விட்டார். கட்டில்மாமாவைத் தூக்க ஆள் இல்லை. வண்டிக்காரரும் நர்ஸம்மாவுமாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பாரவண்டியில் கிடத்தினார்கள். முதுகு பலகையில் பட்டதும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "ராஜா ஊர்வலம் போறார் பாப்பா" என்றார். நான் அழுதேன்.

போவதற்கு முன்னால் போர்ஷனைக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும் என்று மாமி சொல்லிவிட்டாள். நர்ஸம்மா கிணற்றைத் தொடக் கூடாதாகையால், அம்மா இறைத்து, உயரத் தூக்கி, அவள் வாளியில் படாமல் ஊற்றினாள். அந்த நாறுகிற தண்ணீரால் நர்ஸம்மா வீட்டை மூலைமுடுக்கு விடாமல் கழுவித் தள்ளினாள்.

முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. என் முகத்தை நிமிர்த்தி, கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், வயிற்றில் மெதுவாக அமுக்கிப் பார்த்தாள்.

"அக்கா, பொண்ணுக்கு ரத்தமே இல்லை. வயித்துல பூச்சி நிறைய இருக்கு. இந்தத் தண்ணியக் கொதிக்க வைக்காம ஒரு வாய் கூடக் குடுக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, நான் மருந்து வாங்கித் தரேன்."

அம்மா தலையாட்டினாள். வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாசலிலேயே நின்றாள். திரும்பியதும் என் கையைப் பிடித்து விறுவிறுவென்று உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"போற போக்குல பிள்ளை மேல கண்ணு வச்சிட்டுப் போறா பாரு, பாவி! நல்லா இருக்கிற பொண்ணைப் பார்த்து ரத்தமில்லைங்கறா!"

என்னைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்தாள். உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று தடவை சுற்றி, துப்பச் சொல்லி, அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி வரவில்லை. "பார்த்தியா, எவ்வளவு கண்ணு!" என்று என் நெற்றியை வழித்துச் சொடுக்கினாள். பிறகு கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி இறைத்து, என் முகத்தை ஆசையாகக் கழுவிவிட்டு, திருஷ்டி முழுக்க இறங்கட்டும் என்று ஒரு சொம்பு நிறையக் குடிக்கக் கொடுத்தாள்.